ஆம்ப் பழுதானால் மலை இறங்குவது யார்? ஆன்லைன் ஆடியோ கடைகளை எடை போடும் வழி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் பார்சலும் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறித்தான் வரவேண்டும். ஏறி வருவதில் இப்போது பெரிய சிக்கல் இல்லை. பின்கோடைத் தட்டினால் டெலிவரி உண்டு என்று பச்சை எழுத்தில் வந்துவிடுகிறது, மழை பலமாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் வந்த பொருள் திரும்பி இறங்கவேண்டி வந்தால் என்ன நடக்கும் என்பதை வாங்குவதற்கு முன்னால் யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"இந்தக் கடையில் ஹெட்போன் வாங்கலாமா, ஸ்பீக்கர் வாங்கலாமா" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். குன்னூரிலோ ஊட்டியிலோ நல்ல ஆம்பும் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி கடை கிடையாது, கோயம்புத்தூர் இறங்கினால்தான் உண்டு, அங்கேயும் நாம் தேடுகிற மாடல் இருக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் ஆடியோ மட்டுமே விற்கிற ஆன்லைன் கடைகள் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அதுதான் ஒரே வழி. எங்கள் அப்பா 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் தொழிலாளர் லைன் வீட்டில் குடியேறியவர். சம்பளம் சேர்த்து அவர் வாங்கிய முதல் பெரிய பொருள் இலங்கை வானொலி கேட்பதற்கான ஒரு ரேடியோ. அது கரகரத்தால் வாங்கிய பஜார் கடைக்கே கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுவார், கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பார். அந்த மேசை ஆன்லைன் கடையில் எங்கே இருக்கிறது என்பதுதான் நான் இன்று ஒவ்வொரு கடையிலும் தேடுகிற விஷயம்.

சரி, என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இன்டகிரேட்டட் ஆம்ப் வாங்கினேன், விலை 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, எடை 11 கிலோ. வேறு மாநிலத்தில் இருக்கிற, ஆடியோ மட்டுமே விற்கிற கடை. விற்கும்வரை அவர்கள் காட்டிய அக்கறையில் குறை சொல்ல எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் ராத்திரி 10 மணிக்குக் கேட்டாலும் பதில் வந்தது, என் ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். 19-வது நாள் இடது பக்கம் சத்தம் போய்விட்டது. சொன்னேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அப்புறம் 4 நாள் மௌனம். அதற்கப்புறம் ஒரு வரி வந்தது: உங்கள் பின்கோடுக்கு ரிவர்ஸ் பிக்கப் (வீட்டுக்கு வந்து திருப்பி எடுத்துப்போவது) கிடையாது, நீங்களே ஒரிஜினல் பெட்டியில் பேக் செய்து அனுப்பிவையுங்கள், வழியில் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை.

இங்கே கூரியர் ஆபீசில் அந்த எடைக்கு எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கமாட்டேன் என்றார்கள். பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி அனுப்பினேன். அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், ஒரு நாள் லீவு எல்லாம் என் கையிலிருந்து. 47 நாள் கழித்து ஆம்ப் திரும்பி வந்தது, ரிலே என்கிற உள்சுவிட்ச் பக்கத்தில் சோல்டர் விட்டிருந்ததாம், ஒட்ட வைத்திருக்கிறார்கள். வாரன்டியில் இலவசமாகத்தான் செய்தார்கள், அதை மறைக்கக்கூடாது. அந்த இலவசத்துக்கு எனக்கு ஆன செலவும், அந்த 47 நாள் வீட்டில் இருந்த மௌனமும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

அதனால் என் முதல் கேள்வி இதுதான்: எங்கள் நீலகிரியின், 643-ல் தொடங்குகிற பின்கோடிலிருந்து பழுதான பொருளை யார் எடுத்துக்கொண்டு போவார்கள், யார் செலவில்? பின்கோடு பெட்டியில் வரும் பச்சை எழுத்து மலை ஏறுகிற திசைக்கு மட்டுமான பதில். கூரியர் கம்பெனிகள் பல இங்கே பார்சலைக் கொண்டுவந்து தருகின்றன, வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு ஆள் இல்லை. டவுனிலேயே இப்படி என்றால் உள்ளே இருக்கிற படுகர் ஊர்களான ஹட்டிகளையும் எஸ்டேட் லைன்களையும் கேட்கவே வேண்டாம். அங்கெல்லாம் கடைசியில் கைகொடுப்பது தபால் ஆபீஸ்தான். நல்ல கடை என்ன செய்யும் தெரியுமா, "பிக்கப் இல்லை, நீங்கள் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லும். இப்படிச் சொல்கிற கடைகள் நிஜமாகவே இருக்கின்றன. இதை வாங்குவதற்கு முன், போனில் கேட்காமல், மெயிலில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கவேண்டும். பதிலே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எல்லாம் விற்கிற பெரிய சைட்டில் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு, திருப்பி எடுக்க அவர்களுக்கு ஆள் வசதி இருக்கிறது. அங்கே வேறு தொல்லை: விற்பவர் யார் என்றே தெரியாது, ஒரே மாடலைப் பத்துப் பேர் விற்பார்கள், போலி இயர்போன் கலந்து வருவதும் அங்கேதான் அதிகம் கேள்விப்படுகிறோம். ஸ்பெஷலிஸ்ட் கடை கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் நாம் போவதற்குக் காரணம் மூன்று: பொருள் அசல் என்ற நம்பிக்கை, பொருளைப் பற்றித் தெரிந்த ஆள், பழுதானால் பேச ஒரு ஆள். இந்த மூன்றில் எதையும் தராமல் பளபளப்பான படமும் ஆடியோ மொழியும் மட்டும் வைத்திருந்தால் அது ஸ்பெஷலிஸ்ட் கடை கிடையாது.

அடுத்து ரிட்டர்ன் பாலிசி. அதைக் கடைசி வரிவரை படிக்கவேண்டும், அலுப்பாக இருந்தாலும் படிக்கவேண்டும். ரீஃபண்ட், ரீப்ளேஸ்மென்ட், ஸ்டோர் கிரெடிட் என்று மூன்று வார்த்தை வரும், மூன்றும் வேறுவேறு. ரீஃபண்ட் என்றால் பணம் உங்கள் அக்கவுன்ட்டுக்கு வரும். ரீப்ளேஸ்மென்ட் என்றால் அதே மாடல்தான், பிடிக்காவிட்டாலும் அதேதான். ஸ்டோர் கிரெடிட் என்றால் பணம் கடையிலேயே கிடக்கும், வேறு எதையாவது அங்கேயே வாங்கவேண்டும். இயர்போனில் காதுக்குள் போகிற பொருள் என்பதால் பெட்டி திறந்தால் ரிட்டர்ன் இல்லை என்பார்கள், அது நியாயம்தான், என் காதில் போட்டதை இன்னொருவருக்குப் புதிது என்று விற்கமுடியாது. ஆனால் பழுதுக்கும் அதே விதியைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஹெட்போன் வாங்கி, சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், "பர்ன்-இன் ஆகணும் சார், 100 மணி நேரம் ஓட விடுங்க" என்று சில கடைகள் சொல்லும், அதாவது ஓட ஓடத்தான் சத்தம் சரியாகுமாம். ரிட்டர்ன் பாலிசியோ 7 நாள். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கேட்கிறவருக்கு 100 மணி நேரம் ஆக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பர்ன்-இன் உண்மையா இல்லையா என்று சண்டை போடுவது தனிக் கதை, என் அனுபவத்தில் மாறுவது பெரும்பாலும் நம் காதின் பழக்கமும் ஹெட்போன் குஷன் அமுங்குவதும்தான். அது எப்படியோ போகட்டும், 100 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிற கடை ரிட்டர்ன் நாளையும் அந்த அளவுக்கு நீட்டித் தரவேண்டும். கேட்டுப் பாருங்கள். நீட்டித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒரு கடையில் நான் அதற்காகவே 2 தடவை வாங்கியிருக்கிறேன்.

சட்டம் இதில் நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. பழுதான பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள், இவற்றைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று கடை மறுக்கக்கூடாது என்பது அந்த விதிகளில் இருக்கிறது. நோ ரிட்டர்ன் என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் இது மாறாது. கடையின் சட்டப்பூர்வ பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவைத் தொடர்பு, குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பும் சைட்டில் இருக்கவேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நான் இப்போது ஒரு கடையைத் திறந்தவுடன் கீழே போய் இந்த விவரங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு ஜிமெயில் ஐடியும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும் மட்டும் இருந்தால் 2,000 ரூபாய் இயர்போனுக்கு மேல் அங்கே போகமாட்டேன்.

முகவரி இருந்தால் அடுத்து ஜிஎஸ்டி நம்பர். எண்ணும் எழுத்துமாக 15 இடம், முதல் 2 இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகா, 27 மகாராஷ்டிரா, 07 டெல்லி. ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த நம்பரைப் போட்டால் யார் பெயரில் பதிவு, எந்தத் தேதியில் பதிவு, இன்னும் செல்லுமா ரத்தாகிவிட்டதா எல்லாம் இலவசமாகத் தெரியும், 2 நிமிஷ வேலை. 'பல வருஷ அனுபவம்' என்று சொல்கிற கடை போன வருஷம்தான் பதிவு செய்திருக்கிறது என்றால் ஏன் என்று கேட்கலாம். நிறுவனத்தின் பெயரை மாற்றிப் புதிதாகப் பதிந்திருக்கவும் கூடும், கேட்டால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார்.

இனி இதில் ரொம்ப முக்கியமான இடம், பொருள் எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்பது. நாம் வாங்குகிற ஹெட்போன், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் டிஏசி, ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு பிராண்டுக்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் இருப்பார், வாரன்டி அவர் மூலமாகத்தான். அவரைத் தாண்டி சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கிக் கொண்டுவந்து விற்பதும் நடக்கிறது, அதைத்தான் கிரே சரக்கு என்கிறோம். அதைத் திருட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். சாம்சங் பிரிண்டர்கள் பற்றிய வழக்கில் 2012-ல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இப்படிப்பட்ட இறக்குமதியைத் தடுக்கமுடியாது என்று சொன்னது, கூடவே இது கம்பெனி இறக்குமதி செய்த பொருள் இல்லை, கம்பெனி வாரன்டி இதற்குக் கிடையாது என்று கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிக்கவேண்டும் என்றும் சொன்னது. பிரச்சினை அந்த இரண்டாவது பாதியில்தான். அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையைக் குறைத்து, தன் கடை வாரன்டி ஒரு வருஷம் தருகிற ஆளிடம் நான் வாங்குவேன். ஒரு வருஷ வாரன்டி என்று மொட்டையாகப் போட்டுவிட்டு யார் தருகிறார்கள் என்பதை மறைக்கிற ஆளிடம் வாங்கமாட்டேன்.

எது கிரே சரக்கு என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் பிராண்டின் சொந்த சைட்டில் இந்தியாவுக்கான டீலர் பட்டியல் இருந்தால் அதில் இந்தக் கடை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இறக்குமதிப் பொருளின் பேக்கில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, செய்த மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி எல்லாம் இருக்கவேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் பேக்கேஜ் விதிகள் சொல்கின்றன. "அனுப்பும் முன் ஸ்டிக்கர் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள், நேர்மையான கடைக்கு அது அரை நிமிஷ வேலை. மூன்றாவது, பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். என் ஆம்ப் பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது, சர்வீஸ் சென்டரில் இதே ஆம்ப்தான் இந்த பில்லுக்கு உரியது என்று நிரூபிக்க ஒரு வாரம் போனது.

கடைக்காரருக்கு ஆடியோ தெரியுமா என்பதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு ஸ்பீக்கர் பக்கத்தைத் திறங்கள். எவ்வளவு தாழ்ந்த, உயர்ந்த சுருதி வரை ஒலிக்கும் என்பதற்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஒன்றுமே இல்லை, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கூடவே சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வாட்ஸும் அப்படித்தான், எத்தனை ஓம் (மின்தடை) உள்ள ஸ்பீக்கரில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (சத்தச் சிதைவில்) என்று போடாமல் 100 வாட்ஸ் என்றால் பழைய டூ-இன்-ஒன் பெட்டிகளில் 1,000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஊதிப்பெருக்கிய கணக்கை ஒட்டியிருந்ததே, அந்த வகையில்தான் சேரும். ஆம்ப் பவரை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடும், அதனால் 50 வாட்ஸை விட்டு 60 வாட்ஸ் வாங்கச் சொல்லிக் கூடுதலாக 15,000 கேட்கிற கடை உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறது.

கேபிள் பக்கத்தை நான் தவறாமல் பார்ப்பேன். ஒரு சின்னக் கணக்கு: ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, போக வர 10 மீட்டர் செம்புக் கம்பி, கனம் 2.5 சதுர மில்லிமீட்டர், அதாவது வீட்டில் ப்ளக் பாயின்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன் இழுக்கிற சாதாரண ஒயர் கனம். அதன் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒரு சதவீதம்கூட இல்லை. இதற்கு மேல் 20,000 ரூபாய் கேபிள் என்ன திறந்துவிடப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. கடை அந்தக் கேபிளை ஸ்டாக் வைத்திருப்பதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், விற்கிறார்கள். ஆனால் 30,000 ரூபாய் ஸ்பீக்கர் வாங்க வந்தவரிடம் அந்தக் கேபிளைத் தள்ளிவிடுகிறார்களா என்று கவனியுங்கள்.

இன்னொரு பரிட்சையும் வைக்கலாம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வந்திருக்கிறது. "250 ஓம் வாங்கி நேராக போனில் சொருகலாமா" என்று ஒரு மெயில் போடுங்கள். எதில் சொருகப்போகிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்கவேண்டும், போன் போதாது, சத்தம் குறைவாக இருக்கும், 32 அல்லது 80 எடுங்கள், இல்லையென்றால் சின்ன ஆம்ப் ஒன்று தேவைப்படும் என்று விளக்கவேண்டும். "தாராளமா போடலாம் சார்" என்று மட்டும் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். நான் இப்படிக் கேட்ட ஒரு சமயம் சென்னையிலிருந்து ஒரு பையன் போனே செய்துவிட்டான், "அண்ணா, நீங்க சொல்ற பாட்டுக்கும் உங்ககிட்ட இருக்கிற டிஏசிக்கும் இது வேண்டாம், இருக்கிறதையே வச்சுக்குங்க, குஷன் மட்டும் மாத்துங்க" என்றான். குஷன் விலை 1,800. அன்றிலிருந்து வீட்டில், சொந்தத்தில் யார் கேட்டாலும் அந்தக் கடையைத்தான் சொல்கிறேன்.

விமர்சனங்களைப் பற்றிச் சுருக்கமாக. பார்சல் வந்த அன்றைக்கே 5 ஸ்டார் போடுகிறவர் பேக்கிங்குக்குத்தான் மார்க் போடுகிறார். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள், அதில் சர்வீஸ் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். திட்டி எழுதியவற்றைவிட அந்தத் திட்டுக்குக் கடை என்ன பதில் எழுதியிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். ஒரு கடையில் பார்த்தேன், வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டு நாலு பத்தி, அடுத்த கடையில் "எங்கள் தவறுதான், நாளை மாற்றி அனுப்புகிறோம்" என்று ஒரே வரி, கீழே வாடிக்கையாளரே வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

விலையில் ஏமாற்று பெரும்பாலும் அவசரத்தில் இருக்கிறது. இன்னும் 2 தான் ஸ்டாக், 14 நிமிஷத்தில் ஆஃபர் முடிகிறது என்று ஓடுகிற கடிகாரம், பக்கத்தை மறுபடி திறந்தால் அதே 14 நிமிஷம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய் அவசரம் அதில் ஒன்று, கேட்காமலே கூடையில் இன்னொரு பொருளைச் சேர்ப்பது ஒன்று, கடைசிப் பக்கத்தில் திடீரென்று கூடுதல் கட்டணம் காட்டுவது ஒன்று. எக்ஸ்டெண்டட் வாரன்டி கூடையில் தானாகவே சேர்ந்திருந்தால் அந்தக் கடையின் மற்ற வேலைகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அப்புறம் நம் மலைக்கே உரிய விஷயங்கள். ஜூனில் தொடங்குகிற சாரல், அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு மழை, நடுவில் நாள்கணக்கில் மூட்டம். பீரோவில் இருக்கிற பெல்ட்டிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊரில் ஹெட்போன் குஷனும் ரெக்கார்டு கவரும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் செய்த ஸ்பீக்கர் பெட்டி ஈரத்தில் ஓரம் உப்பும். குன்னூரில் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் எப்போதும் சொல்வது, வாரம் ஒரு தடவையாவது ஆம்பை ஆன் செய்து ஒரு மணி நேரம் சூடாக விடு, ரிலேயும் சுவிட்சும் களிம்பு பிடிக்காமல் இருக்கும் என்பதுதான். வாரன்டி தாளில் ஈரப்பதத்தால் வரும் பழுது, மின்னழுத்தத்தால் வரும் பழுது இரண்டுக்கும் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் இருக்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் விளக்கு மங்குகிற அளவுக்கு வோல்டேஜ் இறங்குவதும் ஏப்ரல் மே இடிமழையில் டிவி போவதும் எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. அதனால் கேள்வியை நேராக வையுங்கள்: நான் நீலகிரியில் இருக்கிறேன், பழுது வந்தால் ஈரம் என்று சொல்லி மறுப்பீர்களா, ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் ஒத்துக்கொள்வீர்களா? இதற்கு ஒரு கடை, சிலிகா ஜெல் பாக்கெட் கூடுதலாக 4 வைத்து அனுப்பியது. இன்னொரு கடை கேள்வியே புரியாமல் டெலிவரி தேதியைச் சொன்னது.

டர்ன்டேபிள் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும், கிரே சரக்கில் இது நிஜமாகவே ஆபத்து. அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிடலாம். ஆனால் உள்ளே ஏசி மோட்டார் என்றால் அது கரண்டின் ஹெர்ட்ஸை வைத்துத்தான் சுற்றும், 33⅓ சுற்று வரவேண்டிய இடத்தில் 27.8 சுற்றுதான் வரும், பாட்டு இழுத்துக்கொண்டு அடித்தொண்டையில் கேட்கும். டிசி மோட்டார் என்றால் பிரச்சினை இல்லை. "இதில் என்ன மோட்டார், எந்த நாட்டுப் பதிப்பு" என்ற கேள்விக்கு ஸ்பெஷலிஸ்ட் கடை உடனே பதில் சொல்லவேண்டும், அதற்குத்தானே அவர்களிடம் போகிறோம்.

பணம் கட்டும்போது, பெரிய தொகை என்றால் நான் கிரெடிட் கார்டில்தான் கட்டுகிறேன். பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது என்றால் பேங்கில் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்துக் கேட்க ஒரு வழி இருக்கிறது, யுபிஐயில் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். தள்ளுபடி தருகிறேன், நேராக அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்கிற கடைக்கு நான் அனுப்புவதில்லை, 3 சதவீதத்துக்காக அந்தப் பாதுகாப்பை விடமுடியாது. பார்சல் வந்ததும் ஒட்டிய டேப் தெரிகிற மாதிரி ஆரம்பித்து வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள், சீரியல் நம்பரும் அதில் தெரியட்டும்.

எல்லாம் பார்த்தும் தகராறு வந்துவிட்டால், முதலில் கடையின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு மெயில், 48 மணி நேரம், ஒரு மாதம் என்ற கணக்கை அதிலேயே குறிப்பிடுங்கள். நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருக்கிறதே, அங்கே போய் வழக்குப் போடமுடியுமா என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டத்தில் இது மாறிவிட்டது, நாம் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், எங்களுக்கு ஊட்டி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை, பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போடவேண்டும். இதை மெயிலில் மரியாதையாக ஒரு வரி எழுதினாலே கடை எழுந்து உட்காருவதை என் தம்பி மனைவியின் ஸ்பீக்கர் விஷயத்தில் பார்த்தேன், 3 வாரமாக வராத பிக்கப் 2 நாளில் வந்தது, அதுவும் மலையில் இருக்கிற கட்டபெட்டு என்ற ஊருக்கு.

கடைசியாகப் பெட்டி. வீட்டில் இடமில்லை என்று தெரியும், எங்கள் வீட்டிலும் இல்லை. ஆனாலும் அட்டைப் பெட்டி, தெர்மகோல், உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறை எதையும் வாரன்டி முடியும்வரை எறியாதீர்கள். அட்டை ஈரம் இழுக்கும், அதனால் தரையில் வைக்காமல் பரணில், பெரிய பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். என் ஆம்பின் பெட்டி இன்னும் மேலேதான் இருக்கிறது, அது மேட்டுப்பாளையம் போய்வந்த அன்று ஒட்டிய கூரியர் சீட்டோடு.